குழிக்கரண்டியோட வாங்க!

போடிநாயக்கனூர்ல ஏலக்காய்க் கடைப் பக்கம் நடந்து பாருங்க... மூச்சை இழுத்தாலே பாயசம் குடிச்ச ஃபீலிங் வரும். அந்த வாசத்துக்கு நடுவுல இப்போ ஒரு வதந்தியும் சுத்திக்கிட்டிருக்கு. ‘ராத்திரி நாலு ஏலக்காயைத் தட்டித் தண்ணியில போட்டு, காலையில வெறும் வயித்துல குடிச்சா பதினஞ்சே நாள்ல அஞ்சு கிலோ காலி!’ எல்லார் மொபைலுக்கும் வந்தாச்சு. நம்ம கேள்வி ஒண்ணே ஒண்ணுதான் பாஸ். டீயில இருந்து கல்யாண பிரியாணி வரைக்கும் அள்ளி அள்ளி ஏலக்காய் போடுற ஊர்ல, இத்தனை தொப்பை எங்கிருந்து வந்துச்சு?

அந்தத் தண்ணியை ரெண்டு மாசம் விடாம குடிச்சுப் பார்த்தவன் நம்ம நண்பன் ஒருத்தன். மெக்கானிக்கல், மூணாம் வருஷம். பேரைப் போட்டா இனி ட்ரீட்டே கிடையாதுன்னு மிரட்டியிருக்கிறதால, இந்தக் கட்டுரை முழுக்க அவன் ‘மாப்ள’. உயரம் 168 சென்டிமீட்டர். எடை 94 கிலோ. கிளாஸ்ல பட்டப்பேரு ‘டேங்கர்’. தண்ணி குடிச்ச ரெண்டு மாசத்துல ஒரு கிலோ ஏறியிருந்ததுதான் மிச்சம்!

சிரிச்சுட்டுப் போயிருப்போம். ஆனா காலேஜ்ல நடந்த மெடிக்கல் கேம்ப்ல அவன் ரத்தத்தை எடுத்துப் பார்த்தாங்க. மூணு மாச சராசரி சர்க்கரையைச் சொல்ற ஹெச்பிஏ1சி 6.1 வந்துச்சு. 5.7-ல இருந்து 6.4 வரைக்கும் இருந்தா ‘ப்ரீ டயபடிஸ்’. அதாவது சர்க்கரை நோய் வாசல்ல செருப்பைக் கழட்டிட்டு நிக்குது, இன்னும் உள்ளே வரல. வயசு இருபது! கழுத்துக்குப் பின்னாடி கருப்பா வெல்வெட் மாதிரி படிஞ்சிருந்ததைப் பார்த்து, “இது அழுக்கு இல்ல தம்பி. சோப்புப் போட்டுத் தேய்ச்சா போகாது. இன்சுலின் ஒழுங்கா வேலை செய்யலைன்னு உடம்பு காட்டுற சிக்னலா இருக்கலாம்”னாரு கேம்ப் டாக்டர். அன்னைக்கு எங்க கிளாஸ்ல பாதிப் பேரு பின்கழுத்தை செல்ஃபி எடுத்துப் பார்த்தது தனிக்கதை.

மாப்ளைக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை. காரணம் அவன் அப்பா. மலைக்கு ஜீப் ஓட்டிக்கிட்டு இருந்தவரு. சர்க்கரையைக் கவனிக்காம விட்டு, கால்ல புண்ணு வந்து, ரெண்டு விரலை எடுக்க வேண்டியதாப் போச்சு. இப்போ வீட்டு வாசல்லயே பெட்டிக்கடை. அம்மாதான் தினமும் விடியக்காலைல ஜீப் ஏறி, பதினேழு கொண்டை ஊசி வளைவு தாண்டி, போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போறாங்க.

அப்புறம்தான் தேனியில ஒரு டயட்டீஷியன் மேடத்தைத் தேடிப் போனான். (பேர் போட்டா விளம்பரம் மாதிரி ஆயிடும்னு அவங்களும் வேண்டாம்னுட்டாங்க. என்ன ஆச்சு எல்லாருக்கும்?) போகும்போதே அவனுக்கு ஒரு பயம். ஓட்ஸ், ப்ரோக்கோலி, க்ரீன் டீனு ஒரு சார்ட்டை நீட்டுவாங்க, போடி மார்க்கெட்ல ப்ரோக்கோலிக்கு எங்கே போறதுன்னு. மேடம் நீட்டுனது வெறும் வெள்ளைப் பேப்பர். “நேத்து எந்திரிச்சதுல இருந்து படுக்கிற வரைக்கும் வாயில போட்டது எல்லாத்தையும் ஒண்ணு விடாம சொல்லு. திட்ட மாட்டேன்.”

காலையில ஆறு இட்லி. டீ அஞ்சு கிளாஸ், ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு ஸ்பூன் சீனி. மதியம் சோறு. சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு பக்கம் மூணு பரோட்டா, எண்ணெய் மிதக்கிற சால்னா. ராத்திரி வீட்ல மறுபடியும் சோறு. அந்த டீயில மட்டும் ஒரு நாளைக்கு 50 கிராம் சீனி, 200 கலோரி. பரோட்டாவைப் பத்தி அவங்க ஒண்ணுமே சொல்லலையாம், ஒரு பெருமூச்சுதான். ஆனா சோத்துல வந்து நின்னுட்டாங்க.

“சோறு எவ்வளவு?”

“ஒரு தட்டு மேடம்.”

“தட்டுன்னா எத்தனை கரண்டி?”

“தெரியாது. அம்மா போடுவாங்க.”

“அப்போ அடுத்த தடவை அம்மாவையும் கூட்டிட்டு வா. அந்தக் கரண்டியையும் எடுத்துட்டு வா.”

இந்த இடத்துலதான் நமக்கு மேடம் மேல மரியாதையே வந்துச்சு. ஆயிரம் ரூபாய் வாங்கிட்டு பிரின்ட் அவுட் குடுக்கிற ஆளுங்களுக்கும் இவங்களுக்கும் உள்ள வித்தியாசம் அந்தக் குழிக்கரண்டிதான்.

ஞாயித்துக்கிழமை அம்மா வந்தாங்க, மஞ்சப்பைக்குள்ள கரண்டியோட. நாமளும் கூடப் போயிருந்தோம். மேடம் சோத்தை அள்ளித் தராசுல வெச்சாங்க. ஒரு கரண்டிக்கு 150 கிராம். மாப்ளைக்கு ஒரு வேளைக்கு நாலு கரண்டி, ரெண்டு வேளை. 100 கிராம் சோறு சுமார் 130 கலோரி. கால்குலேட்டர் வேண்டாம், நாமே சொல்லிடுறோம்: சோத்துல மட்டும் 1560!

அடுத்து மேடம் ஒரு அட்டவணையைக் காட்டினாங்க. ஹைதராபாத்ல இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல போட்ட கணக்கு. (அந்த நிறுவனம் 1918-ல பிறந்தது நம்ம குன்னூர்ல. அதை நடத்தி, இந்திய ஊட்டச்சத்துத் துறைக்கே அப்பான்னு பேர் வாங்கின டாக்டர் சி.கோபாலனும் நம்ம சேலத்துக்காரர்தான். காலரைத் தூக்கி விட்டுக்கோங்க.) உட்கார்ந்தே வேலை பார்க்கிற ஆம்பளைக்கு, 65 கிலோ எடைன்னு வெச்சுக்கிட்டா, ஒரு நாளைக்கு 2110 கலோரி. ஓரளவு உழைக்கிற பொம்பளைக்கு, எடை 55 கிலோன்னா, 2130. கடும் உழைப்புன்னா 2720.

மறுபடியும் ஒருதடவை படிங்க. நாள் பூரா க்ளாஸ்லயும் லேப்லயும் உட்கார்ந்திருக்கிற பையனை விட, மலையில வேலை பார்க்கிற அம்மாவுக்குத்தான் அதிகம் வேணும்.

ஏலக்காய் பறிக்கிறதைப் பார்த்திருக்கீங்களா? காய் செடி உச்சியில தொங்காது. தூருல இருந்து கிளம்பி தரையோட தரையாப் படர்ற சரத்துலதான் காய்க்கும். குனிஞ்சோ, குத்தவெச்சோ, சரிவுல நகர்ந்து நகர்ந்து ஒவ்வொண்ணாப் பார்த்துப் பறிக்கணும். கூடவே ஈரம், அட்டைக்கடி.

“உங்களுக்கு எத்தனை கரண்டிம்மா?”ன்னு கேட்டாங்க மேடம்.

“எல்லாரும் தின்ன பெறகு இருக்கிறதுதேன் தாயி.”

“காலையில?”

“ஜீப்பு ஆறு மணிக்கே வந்துருமே. ஒரு காப்பித்தண்ணியோட சரி.”

அம்மாவை எடை மெஷின்ல ஏத்தினாங்க. 43 கிலோ. மாப்ள எடையில பாதி கூட இல்ல. “உங்க சோறு உங்க மகன் தட்டுல இருக்கும்மா”ன்னு மேடம் சொன்னதும் ரூமே அமைதியாயிருச்சு.

அம்மா விட்டுக்கொடுக்கல. “சின்னதுல நாங்க அரைவயித்துக் கஞ்சிதேன். எம்புள்ள போதும்னு கையை வெச்சு மறைக்கிற வரைக்கும் போடணும்னுதேன் மலைக்குப் போறேன். அதைக் கொறைன்னு சொன்னா எப்படித் தாயி?” இதுக்கு என்ன பதில் சொல்றதுன்னு எந்த காலேஜ்லயும் சொல்லித் தர மாட்டாங்கனு நினைக்கிறோம். மேடம் விவாதம் பண்ணல. “கொறைக்க வேண்டாம்மா. தட்டு ரொம்பவே இருக்கட்டும், உள்ள இருக்கிறதை மாத்துவோம்”னாங்க.

சோறு ரெண்டு கரண்டி. தட்டுல பாதி வெஞ்சனம்: முருங்கைக்கீரை, அவரைக்காய், பூசணி, அன்னிக்கு எது மலிவோ அது. ஒரு முட்டை, இல்லைன்னா ஒரு கிண்ணம் பாசிப்பயறோ கொண்டைக்கடலையோ. வெஞ்சனத்தை முதல்ல, சோத்தைக் கடைசியில. சீனி இல்லாத டீ ரெண்டே கிளாஸ். கசக்குதுன்னா ரெண்டு ஏலக்காயைத் தட்டிப் போட்டுக்கலாம் (அப்பாடா, ஏலக்காய்க்கு ஒரு வேலை கிடைச்சிருச்சு!). பரோட்டா வாரம் ஒரு நாள். பஸ் ஸ்டாண்டுல இருந்து வீட்டுக்கு ஷேர் ஆட்டோவுக்குப் பதிலா நடை. ‘காய்கறிக்குக் காசு?’ன்னு அம்மா கேட்டதுக்கு, மிச்சமாகிற டீ காசையும் பரோட்டா காசையும் மேடம் பேப்பர்லயே கூட்டிக் காட்டிட்டாங்க.

முதல் ரெண்டு வாரத்துல மூணு கிலோ இறங்குச்சு. மாப்ள தரையில நடக்கல! மேடம் போன்லயே இறக்கி விட்டாங்க. முதல்ல போறதுல பெரும்பங்கு தண்ணிதான். உடம்பு சேமிச்சு வெக்கிற ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் தன்னோட சுமார் மூணு கிராம் தண்ணியைப் பிடிச்சு வெச்சிருக்கும், அது கரையும்போது தண்ணியும் போயிடும். ‘பத்து நாள்ல அஞ்சு கிலோ’ விளம்பரங்களோட ரகசியமும் பெரும்பாலும் இதுதான். நிஜக் கொழுப்புல ஒரு கிலோ போகணும்னா ஏறத்தாழ 7,700 கலோரி பள்ளம் விழணும். தெர்மோடைனமிக்ஸ்ல அரியர் வெச்சிருக்கிறவங்களுக்கும் இது புரியும்.

87-ல வந்து முள்ளு நின்னுச்சு. அஞ்சு வாரம். உடம்பு சின்னதாக ஆக அதோட தேவையும் சுருங்குது, அதனால பழைய கணக்கு செல்லாதுன்னு மேடம் சொன்னது மாப்ள காதுல ஏறல. இந்த நேரம் பார்த்து நம்ம பசங்க பர்த்டே ட்ரீட்டுக்கு பரோட்டாக் கடைக்கே கூப்பிட்டாங்க. ஒருத்தன், புரோட்டீன் பவுடர் டப்பா விக்கிற ‘வெல்னஸ் கோச்’ நம்பரைக் குடுத்தான். மூணு வேளை சாப்பாட்டை விட்டுட்டு பவுடரைக் கலக்கிக் குடிக்கணுமாம். மாப்ள அந்த கோச்சுக்கிட்ட கேட்ட ஒரே கேள்வி: “நீங்க என்ன படிச்சிருக்கீங்க?” பதில் வரல. டயட்டீஷியன், நியூட்ரிஷனிஸ்ட் எல்லாம் 2021-ல வந்த துணை மருத்துவத் தொழிலாளர் சட்டத்துக்குள்ள வர்ற படிப்புகள். யாரைப் பார்க்கப் போனாலும் டிகிரியைக் கேளுங்க, தப்பே இல்ல. மருந்து, ஊசின்னு பேச்சு வந்தா அது டாக்டர் ஏரியா, டயட்டீஷியன் எழுதவே கூடாது.

தராசு நின்ன நாட்கள்ல மேடம் சொன்ன ஒரு சென்னைக் கதைதான் அவனை நிறுத்தி வெச்சுது. டாக்டர் ஏ.ராமச்சந்திரன் குழு, மாப்ள மாதிரியே வாசல்ல நின்ன 531 பேரை மூணு வருஷம் கவனிச்சு 2006-ல முடிவை வெளியிட்டாங்க. சும்மா விடப்பட்டவங்கள்ல 55 சதவிகிதம் பேருக்கு சர்க்கரை வந்துருச்சு. சாப்பாட்டையும் நடையையும் மாத்தினவங்கள்ல 39.3 சதவிகிதம். ஆச்சரியம் என்னன்னா, அவங்க எடை பெருசா குறையவே இல்ல! 2013-ல அதே குழு இன்னொண்ணு பண்ணாங்க. வேலைக்குப் போற ஆம்பளைங்க 537 பேர். பாதிப் பேருக்கு மட்டும் மொபைல்ல சாப்பாடு, உடற்பயிற்சி பத்தித் தொடர்ந்து எஸ்.எம்.எஸ். ரெண்டு வருஷத்துல எஸ்.எம்.எஸ். வந்தவங்கள்ல 18 சதவிகிதம் பேருக்கு சர்க்கரை, வராதவங்கள்ல 27. நாம ‘குட்மார்னிங்’ அனுப்பி வேஸ்ட் பண்ற அதே எஸ்.எம்.எஸ்.!

இது ஒரு வீட்டு விஷயமும் இல்ல. 2019-21-ல எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புல, தமிழ்நாட்டுப் பெண்கள்ல 40.4 சதவிகிதம், ஆண்கள்ல 37 சதவிகிதம் பேர் அதிக எடை. அதே கணக்கெடுப்புல 53.4 சதவிகிதப் பெண்களுக்கு ரத்தசோகை. ரெண்டும் ஒரே தெருவுல இருக்கு, சில நேரம் ஒரே அடுப்படியில.

பிரைவேட் ஃபீஸ் கட்டுப்படியாகாதவங்களுக்கு ஒரு தகவல். அரசு ஆஸ்பத்திரி என்.சி.டி. கிளினிக்ல சர்க்கரையும் பிரஷரும் இலவசமா டெஸ்ட் பண்ணலாம். க.விலக்கு தேனி மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குப் போனீங்கன்னா, டயட் ஆலோசனை வேணும்னு டாக்டர்கிட்ட வாய் விட்டுக் கேளுங்க.

ஒன்பது மாசம் ஆச்சு. மாப்ள இப்போ 83 கிலோ. இடுப்பு 108-ல இருந்து 98 சென்டிமீட்டர். இந்தியர்களுக்கான கணக்குல ஆண்களுக்கு 90-க்குள்ள இருக்கணும், அதனால இன்னும் பாக்கி இருக்கு. ஹெச்பிஏ1சி 5.6. ‘டேங்கர்’ங்கிற பேரு மட்டும் மாறல, அது டிகிரியோட சேர்த்துதான் குடுப்பாங்க போல.

அம்மாவுக்கும் ரத்தம் டெஸ்ட் பண்ணாங்க. ரத்தசோகை இருந்துச்சு. இரும்புச்சத்து மாத்திரை ஓடுது. விடியக்காலைல அஞ்சே முக்காலுக்கு மாப்ள எந்திரிச்சு, ரெண்டு முட்டையை அவிச்சு, கேப்பைக்கூழைக் கரைச்சு, அம்மா குடிச்சு முடிக்கிற வரைக்கும் வாசல்ல நின்னுக்கிறான். ஜீப் டிரைவர் ஹாரன் அடிச்சா, “அண்ணே, ரெண்டு நிமிஷம்”. அம்மா எடை 46. தூக்குவாளியில மூணு கரண்டி சோறு போகுது, அதே குழிக்கரண்டியால.