வாத்தியார் இல்லாத அரைமணி நேரம்

முதுகலையில் ‘வெளியுறவுக் கொள்கை உருவாக்கம்’ என்றொரு தாள் நடத்துகிறேன். அதில் கியூபா ஏவுகணை நெருக்கடி வரும் வாரம் மட்டும் பாடம் மாணவர்கள் கையில்; நான் கடைசி பெஞ்சில். இந்த வருஷம் விவாதத்தை நடத்த வந்த மாணவி, “சார், நீங்க இருந்தா எல்லாரும் உங்க முகத்தையே பார்ப்பாங்க. ஒரு அரைமணி நேரம் வெளியே இருக்க முடியுமா?” என்று கேட்டார்.

அந்த நெருக்கடியில் அமெரிக்க அதிபர் கென்னடி செய்ததும் அதுதான். 1961 ஏப்ரலில் அவர் ஒப்புதலோடு கியூபா மீது நடந்த பன்றிகள் விரிகுடாப் படையெடுப்பு மூன்றே நாளில் மண்ணைக் கவ்வியது. அந்தத் திட்டம் தவறு என்று குறிப்பு எழுதிக் கொடுத்த ஆலோசகர் ஆர்தர் ஷ்லெசிங்கர், கூட்டத்தில் வாயைத் திறக்கவில்லை. பின்னாளில் அதற்காக வருந்தினார். 1962 அக்டோபரில் கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் தென்பட்டபோது கென்னடி சில கூட்டங்களுக்கு வேண்டுமென்றே போகவில்லை. அதிபர் இல்லாத அறையில் ஆலோசகர்கள் பெரியவர், சின்னவர் என்று பார்க்காமல் மோதிக்கொண்டார்கள். 16-ம் தேதி கென்னடி உட்படப் பலரும் விமானத் தாக்குதல் பக்கமே சாய்ந்திருந்தார்கள். 22-ம் தேதி அவர் நாட்டுக்கு அறிவித்ததோ கடல் முற்றுகை. நடுவில் மனம் மாறிய அந்த ஆறு நாள்தான் எனக்கு மொத்தப் பாடமும்.

படிக்காமல் வந்தால் இத்தகைய விவாதம் திண்ணைப் பேச்சாகிவிடும். அதனால் கென்னடி ரகசியமாகப் பதிவு செய்த ஒலிநாடாக்களின் எழுத்து வடிவத்தைப் படித்துவிட்டுத்தான் வர வேண்டும் என்பதில் நான் கறார்.

வராந்தாவில் நின்றேன். ஜன்னல் வழியே குரல்கள் கேட்டன. அமெரிக்க விமானப்படைத் தளபதி லெமேயாக நடித்துப் பேசிய மாணவர் குண்டு போட்டே தீர வேண்டும் என்று மேஜையைத் தட்டினார். வருஷம் முழுக்கப் பேசாத ஒரு மாணவர் மெதுவாகக் கேட்டார்: “அங்க இருக்கிற ரஷ்யர்கள் செத்தா குருசேவ் சும்மா இருப்பாரா?” கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு யாரோ, “துருக்கியில நம்ம ஜூபிடர் ஏவுகணை நிக்குதே, அதை எடுத்துட்டா?” என்றார். “வெளிப்படையா எடுத்தா நேட்டோ நாடுகள் நம்மளை நம்புமா?” என்றது இன்னொரு குரல்.

எனக்குச் சிலிர்த்தது. துருக்கி ஏவுகணைகளை விலக்கும் வாக்குறுதியை அமெரிக்கா ஏன் ரகசியமாகக் கொடுத்தது என்று கடைசியில் நான் விளக்குவதாக இருந்தேன். அவர்களே வாதாடி வாதாடி அந்த இடத்துக்கு வந்துவிட்டார்கள்.

அரைமணி ஆனதும் கதவைத் திறந்தேன். பேச்சு சட்டென்று நின்றது. எல்லாக் கண்களும் என் மேல்.

“இன்னும் அஞ்சு நிமிஷம், சார்” என்றார் அந்த மாணவி.

கதவைச் சாத்திவிட்டு மறுபடி வராந்தாவுக்கு வந்தேன்.