அறிவும் நம்பிக்கையும் – 9: பாதிரியார் அடித்த பத்தி

1951 நவம்பர் 22 அன்று வாட்டிகனில், போப்பாண்டவரின் அறிவியல் கழகத்தார் முன்னிலையில் பன்னிரண்டாம் பயஸ் ஓர் உரை நிகழ்த்தினார். விண்மீன் திரள்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிச் செல்கின்றன, பின்னோக்கிக் கணக்குப் போட்டால் எல்லாவற்றுக்கும் ஒரு தொடக்கம் இருந்திருக்க வேண்டும் என்று வானியலாளர்கள் பலர் சொல்லிவந்த காலம் அது. இறைவன் ஒளியைப் படைத்த ஆதி நொடிக்கு இன்றைய அறிவியலே சாட்சியாகி நிற்கிறது என்ற பொருள்பட அவர் பேசினார். சென்ற வாரம் கலிலியோவைப் பார்த்தோம். 1633இல் அவரை மண்டியிட வைத்த திருச்சபை, முந்நூறு ஆண்டுகள் கழித்து அதே வானியலைத் தன் பக்கச் சாட்சியாகக் கூண்டில் ஏற்றியது.

அந்த உரைக்காக மற்ற எவரையும்விட மகிழ்ந்திருக்க வேண்டியவர் ஜார்ஜ் லெமைத்ர். பெல்ஜியத்துக்காரர், கத்தோலிக்கப் பாதிரியார், லூவன் பல்கலைக்கழகப் பேராசிரியர், 1936 முதல் அதே கழகத்தின் உறுப்பினர். பிரபஞ்சத்துக்குத் தொடக்கம் உண்டு என்ற கருத்தை இயற்பியலுக்குள் கொண்டுவந்தவரே அவர்தான். அவர் மகிழவில்லை, கலங்கிப்போனார்.

லெமைத்ர் 1894இல் சார்லெருவா நகரில் பிறந்தவர். பொறியியல் படித்துக்கொண்டிருந்தபோது முதல் உலகப் போர் வந்தது. பீரங்கிப் படையில் பணியாற்றி வீரப் பதக்கம் பெற்றார். போர் முடிந்ததும் கணிதத்தில் முனைவர் பட்டம், அதைத் தொடர்ந்து குருமடம். ஐன்ஸ்டைனின் சார்பியலை அவர் ஆழ்ந்து கற்றது குருமடத்தில் இருந்த நாட்களில்தான். 1923இல் குருப்பட்டம் பெற்ற கையோடு கேம்பிரிட்ஜில் வானியலாளர் எடிங்டனிடம் படிக்கப் போனார். அடுத்த ஆண்டு அமெரிக்காவில், ஹார்வர்ட் வானாய்வகத்தில்.

1927இல் அவர் வெளியிட்ட கட்டுரை வானியலின் போக்கையே மாற்றியிருக்க வேண்டியது. பிரபஞ்சம் என்றும் ஒரே அளவில் நிற்கிறது என்றே அன்று ஐன்ஸ்டைன் உட்பட ஏறக்குறைய எல்லோரும் எண்ணினார்கள். சார்பியல் சமன்பாடுகளையும், தொலைநோக்கிகள் வழியே அளந்திருந்த நெபுலாக்களின், அதாவது விண்மீன் திரள்களின், வேகங்களையும் லெமைத்ர் சேர்த்துப் பார்த்தார். பிரபஞ்ச வெளிதான் விரிகிறது என்றும், ஒரு திரள் எவ்வளவு தொலைவில் உள்ளதோ அவ்வளவு வேகமாக விலகுகிறது என்றும் காட்டினார். இதே விதியைச் சொன்ன வானியலாளர் ஹப்பிளின் புகழ்பெற்ற கட்டுரை வந்தது 1929இல்தான். ஆனால் லெமைத்ர் எழுதியது பிரெஞ்சு மொழியில், அதிகம் பேர் படிக்காத ஒரு பிரஸ்ஸல்ஸ் இதழில். அந்த விதியை ஹப்பிள்–லெமைத்ர் விதி என்று அழைக்கும்படி பன்னாட்டு வானியல் சங்கம் பரிந்துரைக்க 2018 ஆகிவிட்டது. அதே 1927இல் பிரஸ்ஸல்ஸில் நடந்த சால்வே மாநாட்டின்போது ஐன்ஸ்டைனை நேரில் சந்தித்தார். கணக்கில் பிழையில்லை, ஆனால் உங்கள் இயற்பியல் சகிக்கவில்லை என்று அவர் சொல்லிவிட்டார்.

நான்கு ஆண்டுகள் கழித்து லெமைத்ர் இன்னும் துணிந்தார். விரிவதைப் பின்னோக்கி ஓட்டிப் பார்த்தால் பொருளெல்லாம் ஒரே அணுவாகத் திரண்டிருந்த ஒரு நிலை வரும், காலமும் இடமும் அதற்குப் பிறகே பொருள் பெறுகின்றன என்று 1931 மே மாதம் ‘நேச்சர்’ இதழுக்குச் சிறு கடிதமாக எழுதினார். இயற்கைக்கு ஒரு தொடக்கம் என்ற எண்ணமே தனக்கு ஒவ்வவில்லை என்று அப்போதுதான் எழுதியிருந்தவர் அவருடைய ஆசான் எடிங்டன். எடிங்டனும் பக்தர்தான், குவேக்கர் சபையைச் சேர்ந்தவர். ஆகவே நம்பிக்கையாளர் என்றால் தொடக்கத்தை விரும்புவார், நாத்திகர் என்றால் வெறுப்பார் என்ற எளிய கணக்கு இங்கே செல்லாது.

அந்தக் கடிதத்தின் தட்டச்சுப் படியில் அச்சேறாத கடைசிப் பத்தி ஒன்று உண்டு. இறைவனை நம்புகிறவர்கள் அவர் தன்னை மறைத்துக்கொண்டிருப்பவர் என்றும் நம்புகிறார்கள், படைப்பை மறைக்கும் ஒரு திரையை இன்றைய இயற்பியலும் தருவதைக் கண்டு அவர்கள் மகிழக்கூடும் என்ற கருத்தை அதில் எழுதியிருந்தார். அனுப்புவதற்கு முன் அதை அடித்துவிட்டார்.

இந்தத் தொடருக்காகப் படித்தவற்றில் என் மனத்தைவிட்டு அகலாதது இந்த அடித்தல்தான். அவர் நம்பிக்கையை மறைத்தார் என்று இதற்குப் பொருள் சொல்ல முடியாது. பாதிரி அங்கி அணிந்தே மாநாடுகளுக்கு வந்தவர் அவர். எழுதிய கருத்தை அவர் கைவிடவும் இல்லை. நம்பாதவர் ஒருவரும் அதே சமன்பாடுகளை வைத்து அதே முடிவுக்கு வர வேண்டும், அந்த வழியில் பாதிரியாருக்கு மட்டும் தெரிந்த ஒரு படிகூட இருக்கக் கூடாது என்று அவர் கருதியதாகவே நான் புரிந்துகொள்கிறேன். இத்தனைக்கும் குருமட நாட்களில், 1921இல், விவிலியத்தின் தொடக்க நூலில் வரும் இறைவனின் முதல் சொற்களுக்கு இயற்பியலால் விளக்கம் எழுதிப் பார்த்தவர் அவர். அந்த ஆசை அவருக்குத் தெரியாததல்ல. தெரிந்து, அனுபவித்து, அதைத் தாண்டி வந்தவர்.

போப்பாண்டவரின் உரை அவரைக் கலங்கடித்ததற்குக் காரணம் இதுதான். ஏற்கெனவே சந்தேகப் பார்வைகள் இருந்தன. படைப்புக் கதைக்கு அறிவியல் வேடம் போட்டிருக்கிறார்கள் என்றனர் சோவியத் கட்சிக்காரர்கள். ‘பிக் பேங்’ என்ற பெயரை 1949இல் பி.பி.சி. வானொலியில் முதலில் சொன்ன ஃப்ரெட் ஹாய்லுக்கும் இதில் மத வாடை அடித்தது. பிரபஞ்சம் தொடக்கமே இல்லாமல் நிலைத்திருக்கிறது என்பது அவர் முன்வைத்த மாற்றுக் கோட்பாடு. எது சரி என்று அப்போது தீர்ப்பாகவில்லை.

1952இல் ரோமில் பன்னாட்டு வானியல் சங்கம் கூடவிருந்தது, போப்பாண்டவர் அங்கும் பேசுவதாக இருந்தது. லெமைத்ர் ரோம் சென்று, வாட்டிகன் வானாய்வகத்தின் இயக்குநர் டேனியல் ஓ’கானலோடு சேர்ந்து தன் கவலையை மேலிடத்துக்குத் தெரிவித்தார். செப்டம்பரில் போப்பாண்டவர் பேசியபோது, அறிவியல் சாட்சி சொல்கிறது என்ற வாதம் உரையில் இல்லை. அதே ரோம் கூட்டத்தில் வால்டர் பாடே என்ற வானியலாளர், திரள்களின் தொலைவை இதுவரை பாதியாகவே கணக்கிட்டு வந்திருக்கிறோம் என்று அறிவித்தார். ஹப்பிளின் அளவுகளின்படி சுமார் 200 கோடி ஆண்டுகளாக இருந்த பிரபஞ்ச வயது ஒரே நாளில் இரு மடங்கானது. இன்று நாம் சொல்வது 1,380 கோடி. லெமைத்ரின் கோட்பாட்டிலேயே பிழைகள் உண்டு. ஆதி அணு சிதறியதன் மிச்சமே காஸ்மிக் கதிர்கள் என்று அவர் நினைத்தார், அது தவறு. உண்மையான மிச்சம் பென்சியாஸும் வில்சனும் கண்டறிந்த நுண்ணலைக் கதிர்வீச்சு. 1966 ஜூனில் இறப்பதற்குச் சற்று முன்புதான் அந்தச் செய்தி அவருக்கு எட்டியது. விசுவாசத்தை 1951ஆம் ஆண்டுக் கணக்குகளின் மீது கட்டியிருந்தால் அடுத்த ஆண்டே பூசி மெழுக வேண்டியிருந்திருக்கும்.

நம் ஊரிலும் இந்த வழக்கம் ஓங்கி நிற்கிறது. திருவாசகத்தின் திருவண்டப்பகுதியில் பெருவெடிப்பும் விரியும் பிரபஞ்சமும் அன்றே சொல்லப்பட்டுவிட்டன என்று மேடைதோறும் கேட்கிறோம். திருவாசகத்தை நேசிப்பவன் என்பதாலேயே இதை மறுக்கிறேன். அண்டங்கள் எண்ணற்றுப் பரந்து கிடந்தாலும் இறைவன் முன் அவை வெயில் கீற்றில் மிதக்கும் தூசியளவே என்று உருகுகிறார் மாணிக்கவாசகர். அண்டத்தின் பெருமையைச் சிறிதாக்கிக் காட்டும் பாட்டை அண்டத்தின் அளவுகோலாக்கினால் அந்த உருக்கம் எங்கே போகும்? திருமந்திரத்தில் அணுவைத் தேடுகிறவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன். இந்தப் பாடல்களை வைத்து எவரும் ஒரு திரளின் வேகத்தையும் கணித்ததில்லை. கணிதம் செய்தவர் கண்டுபிடித்த பிறகுதான் பாட்டில் அது நமக்குத் தெரிய வருகிறது.

அப்படியானால் அறிவியலும் நம்பிக்கையும் ஒத்துப்போகுமா? 1933இல் ஒரு நியூயார்க் நாளிதழுக்கு அளித்த பேட்டியில், உண்மைக்கு இரு பாதைகள் உண்டு, இரண்டிலும் நடக்கத் தீர்மானித்தேன் என்றார் லெமைத்ர். விவிலியத்தை எழுதியவர்களின் இயற்கை அறிவு அவர்கள் காலத்து மக்களின் அறிவுதான், அதில் பிழை இருந்தாலும் மீட்புக்கு ஒன்றும் குறைவில்லை என்பது அவர் நிலை. ஒத்துப்போகும் என்றே நானும் நம்புகிறேன், ஆனால் இலவசமாக அல்ல. இயற்கை எப்படி நடக்கிறது என்று சொல்லும் உரிமையை மதம் விட்டுக்கொடுக்க வேண்டும். விலையில் பெரும்பகுதி நம்பிக்கையாளர் பையிலிருந்துதான் போகிறது. லெமைத்ர் அதை முகம் கோணாமல் கொடுத்தார்.

எல்லோராலும் அது முடியாது, எல்லா இடத்திலும் அது எளிதும் அல்ல. பிரபஞ்சத்தின் தொடக்கம் பற்றிய கேள்வி மனிதரிடமிருந்து வெகு தொலைவில் இருக்கிறது, மனிதரின் தோற்றம் பற்றிய கேள்வி அப்படியல்ல. இதே பன்னிரண்டாம் பயஸ் 1950இல் வெளியிட்ட சுற்றுமடலில், மனித உடலின் பரிணாமத்தை ஆராயத் தடையில்லை என்றார். ஆனால் மனிதகுலம் ஒரே ஆதாமிலிருந்து வராமல் பலரிடமிருந்து வந்தது என்ற கருத்தைக் கத்தோலிக்கர் ஏற்க முடியாது என்றும் சொன்னார். இன்றைய மரபணுவியலோ, நம் மூதாதையர் கூட்டம் என்றுமே ஆயிரக்கணக்கானோருக்குக் கீழே இறங்கவில்லை என்கிறது. ஆதிப் பாவம் என்ற கோட்பாடே அந்த ஒரு மனிதர் மீது நிற்பதால், இரு பாதைகள் என்ற விடை இங்கே அவ்வளவு சுலபமாகக் கைகொடுக்காது.

துன்பம் என்ற கேள்வி இன்னும் கடினம். கம்பளிப்புழுவின் உடலுக்குள் முட்டையிட்டு, அதை உயிரோடு தன் குஞ்சுகளுக்கு இரையாக்கும் ஒரு குளவி இனத்தைப் பற்றி 1860 மே மாதம் டார்வின் ஒரு கடிதம் எழுதினார். எழுதியது ஏசா கிரேக்கு. ஹார்வர்டின் தாவரவியலாளர், ஆழ்ந்த கிறிஸ்தவர், பரிணாமக் கொள்கைக்காக அமெரிக்காவில் வாதாடியவர். அவர்கள் இருவரின் கடிதங்களை அடுத்த வாரம் படிப்போம்.