எத்தனை எக்ஸ் வேண்டும்?

ஜூம் கேமரா வாங்கப் போகிறவர்கள் அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் எண்ணைத்தான் முதலில் பார்க்கிறார்கள். 40 எக்ஸ், 65 எக்ஸ், 125 எக்ஸ். நான் பார்க்கச் சொல்வது லென்ஸின் முகப்பு வளையத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் எண்களை. கேனன் பவர்ஷாட் எஸ்எக்ஸ்70 என்ற கேமராவில் அங்கே 3.8 – 247.0 மி.மீ., பக்கத்தில் 1:3.4 – 6.5 என்று இருக்கும். அந்தக் கேமராவின் முழு ஜாதகமும் அந்த ஒரு வரியில் இருக்கிறது.

என் பெரியப்பா மகள் தன் அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு ஒரு கேமரா வாங்கித் தர ஆசைப்பட்டு என்னிடம் யோசனை கேட்டாள். பெரியப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு பறவை பார்க்கக் கிளம்பியவர். சீசன் வந்துவிட்டால் வேடந்தாங்கல், அதை விட்டால் பக்கத்தில் இருக்கும் கரிக்கிலி. கையில் இருப்பது போன் மட்டும். “போன்ல எடுத்தா எல்லாப் பறவையும் வெள்ளைப் புள்ளியாத்தான் தெரியுதுன்னு வருத்தப்படுறார். எத்தனை எக்ஸ் வாங்கட்டும்ணா?” என்றாள். அதிக விலை கொடுக்க அவளால் முடியாது. ஆனால் நல்லதாக வேண்டும். அவளுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த வெள்ளைப் புள்ளி. நத்தைகுத்தி நாரை நிமிர்ந்து நின்றால் சுமார் 70 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொள்வோம். ஏரிக்கரையிலிருந்து 100 மீட்டர் தள்ளி ஒரு மரத்தில் நிற்கிறது. கேமரா உலகத்தில் எல்லா லென்ஸையும் பழைய பிலிம் சட்டத்தின் கணக்குக்கு மாற்றிப் பேசுவது வழக்கம். அந்தச் சட்டத்தின் உயரம் 24 மி.மீ. போனின் முதன்மை கேமரா பெரும்பாலும் 24 மி.மீ. லென்ஸுக்குச் சமமானது. அதில் நம் நாரையின் பிம்பம் 0.17 மி.மீ. உயரம்தான் விழும். படத்தின் உயரத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அதே இடத்திலிருந்து 1200 மி.மீ. லென்ஸில் பார்த்தால் பிம்பம் 8.4 மி.மீ. ஆகிவிடும், படத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நாரையே நிற்கும். மூடிய அலகின் நடுவே இருக்கும் இடைவெளி அப்போதுதான் தெரியும். நத்தைகுத்தி நாரைதான் என்று அடித்துச் சொல்ல அந்த இடைவெளியைப் போல நல்ல அடையாளம் வேறில்லை.

இப்போது எக்ஸுக்கு வருவோம். அது ஒரு வகுத்தல் கணக்கு, அவ்வளவே. எஸ்எக்ஸ்70இன் 247ஐ 3.8ஆல் வகுத்தால் 65. லென்ஸ் தன் குறைந்தபட்ச நீளத்திலிருந்து எத்தனை மடங்கு நீளும் என்பதை அது சொல்கிறது. எவ்வளவு தூரம் எட்டும் என்பதைச் சொல்வதில்லை. பானசோனிக் எஃப்இசட்82 கேமரா 60 எக்ஸ், சோனி எச்எக்ஸ்400 கேமரா 50 எக்ஸ். கடைக்காரர் முதலாவதைத்தான் உயர்த்திச் சொல்வார். ஆனால் முதலாவது 20 மி.மீ.யில் தொடங்குகிறது, இரண்டாவது 24இல். இரண்டும் போய்ச் சேர்வது ஒரே 1200 மி.மீ. தூரப் பறவைக்கு இரண்டும் ஒன்றே. ஆகவே கடையில் கேட்க வேண்டிய கேள்வி, “முழுசா நீட்டினா எத்தனை மில்லிமீட்டர் வரும்?” என்பது.

இதைக் கேட்டால் இன்னொரு ஆபத்திலிருந்தும் தப்பிக்கலாம். இணையக் கடைகளில் மூவாயிரம், நாலாயிரம் ரூபாய்க்கு, கேள்விப்படாத பெயர்களில், “16 எக்ஸ் டிஜிட்டல் ஜூம், 48 மெகாபிக்சல், 4கே” என்று கேமராக்கள் விற்கிறார்கள். இவற்றில் பெரும்பாலானவற்றில் லென்ஸ் நகர்வதே இல்லை. டிஜிட்டல் ஜூம் என்பது எடுத்த படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவது. அதைப் பிறகு கணினியிலும் செய்துகொள்ளலாம், காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. ஆசையோடு பரிசு கொடுக்கிறவர்களை ஏமாற்றும் வியாபாரம் இது. எனக்கு இதன் மேல் கோபம்தான் வருகிறது. பெட்டியில் ஆப்டிகல் ஜூம் என்ற சொல் இல்லையென்றால் அந்தப் பெட்டியைத் தொட வேண்டாம்.

“இப்போதுதான் போனிலேயே 100 எக்ஸ் வந்துவிட்டதே” என்று சிலர் கேட்பார்கள். சாம்சங் 2020இல் 100 எக்ஸ் என்று விளம்பரப்படுத்திய எஸ்20 அல்ட்ராவில் கண்ணாடி லென்ஸ் தருவது சுமார் 4 மடங்கு. மீதி வெட்டிப் பெரிதாக்கலும் மென்பொருளும். 2023இல் ஒருவர், வேண்டுமென்றே மங்கலாக்கிய நிலாப் படத்தைக் கணினித் திரையில் காட்டி, அதைச் சாம்சங் போனில் படமெடுத்துப் பார்த்தார். திரையில் இல்லாத பள்ளங்களும் மேடுகளும் போனின் படத்தில் இருந்தன. நிலாவை அடையாளம் கண்டால் செயற்கை நுண்ணறிவு நுணுக்கங்களைக் கூட்டித் தருகிறது என்று அந்த நிறுவனமே விளக்கியது. நிலா எப்போதும் ஒரே முகத்தைக் காட்டுவதால் அது நடக்கிறது. பெரியப்பா பார்க்கப் போகும் பறவை எது, அது என்ன செய்துகொண்டிருக்கிறது என்பது போனுக்கு முன்கூட்டியே தெரியாது. பறவை பார்ப்பவருக்கு வேண்டியது உண்மையாகவே பறவையிடமிருந்து வந்த ஒளி.

அந்த ஒளியைப் பற்றித்தான் வளையத்தின் இரண்டாவது எண் பேசுகிறது. 247ஐ 6.5ஆல் வகுத்தால் 38. லென்ஸை முழுதாக நீட்டிய நிலையில் ஒளி நுழையும் வாசலின் விட்டம் 38 மி.மீ. நிக்கான் பி1000 கேமராவில் 539ஐ 8ஆல் வகுத்தால் 67 மி.மீ. வாசல் அகலமானால் கண்ணாடி பெரிதாகும், கனம் கூடும், விலை ஏறும். 2018இல் வந்த அந்த பி1000 இன்றும் பலருக்குக் கனவுக் கேமரா. 125 எக்ஸ், 3000 மி.மீ.க்குச் சமம். அதன் எடை 1.4 கிலோ. எஸ்எக்ஸ்70 சுமார் 600 கிராம்.

எஸ்எக்ஸ்70இன் வெறும் 247 மி.மீ. லென்ஸ் எப்படி பிலிம் கணக்கில் 1365 மி.மீ.க்குச் சமமாகிறது? சென்சார் சிறியது என்பதால்தான். இந்த வகைக் கேமராக்களின் சென்சார் சுமார் 6.2 மி.மீ. அகலம், 4.6 மி.மீ. உயரம், சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிது. இவ்வளவு சிறிய பரப்பில் விழும் காட்சி மிகக் குறுகியது, ஆகவே பொருள் பெரிதாகத் தெரிகிறது. பெரிய சென்சாருக்கு அதே தூரத்தை எட்ட வேண்டுமென்றால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சான்று உண்டு. 1993இல் கேனன் வெளியிட்ட 1200 மி.மீ. லென்ஸின் எடை 16.5 கிலோ. சிறிய சென்சார் இல்லையென்றால் நம்மைப் போன்றவர்கள் கழுத்தில் மாட்டிக்கொண்டு போகிற ஜூம் கேமராவே கிடையாது. அதைக் குறை சொல்லும் நிபுணர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் அதற்கொரு விலை உண்டு. பிலிம் சட்டத்தின் பரப்பில் இந்தச் சென்சார் முப்பதில் ஒரு பங்கு. போதாததற்கு, ஜூமை நீட்ட நீட்ட 3.4 என்ற எண் 6.5 ஆகும்போது, சென்சாரில் விழும் ஒளி ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. காலை பத்து மணி வெயிலில் இது தெரியாது. வேடந்தாங்கலில் பறவைகள் கூட்டம் கூட்டமாகத் திரும்பி வருவதோ பொழுது சாயும் நேரத்தில். அப்போது கேமரா இருக்கிற கொஞ்ச ஒளியை மின்னணு முறையில் ஊதிப் பெருக்கும். படம் முழுக்க மணல் தூவினாற்போல் புள்ளி வரும். மாலைப் படங்கள்தான் முக்கியம் என்பவர்களுக்கு ஒரு அங்குலச் சென்சார் கேமராக்கள் இருக்கின்றன. பானசோனிக் எஃப்இசட்1000 400 மி.மீ. வரை எட்டும், சோனி ஆர்எக்ஸ்10இன் நான்காம் பதிப்பு 600 வரை எட்டும். பின்னது விலையில் வேறு ஊர். முன்னது 2014இல் வந்தது, கைமாறிய நிலையில் கட்டுப்படியாகும்.

மெகாபிக்சலை நம்பி ஏமாற வேண்டாம் என்பதற்கு இயற்பியலே காரணம் தருகிறது. எவ்வளவு சுத்தமான லென்ஸானாலும், ஒரு புள்ளி ஒளியை மறுபடி ஒரு புள்ளியாகக் குவிக்க முடியாது. வட்ட வாசலின் விளிம்பில் ஒளியலைகள் வளைவதால் அது ஒரு சிறு வட்டமாகத்தான் விழும். ஆங்கிலேய வானியலாளர் ஜார்ஜ் ஏரி 1835இல் இதைக் கணக்கிட்டுக் காட்டினார். வாசல் எண் 6.5 என்றால் பச்சை ஒளிக்கு அந்த வட்டத்தின் விட்டம் ஏறத்தாழ 8.7 மைக்ரான். எஸ்எக்ஸ்70இன் 20 மெகாபிக்சல் சென்சாரில் ஒரு பிக்சலின் அகலம் 1.2 மைக்ரான். அதாவது ஒரு ஒளிப்புள்ளி குறுக்கே ஏழு பிக்சல்களை அடைத்துக்கொள்கிறது. இதற்கு மேல் மெகாபிக்சலை ஏற்றி என்ன பயன்? ஆல்பத்தில் ஒட்டும் 5க்கு 7 அங்குலப் படத்துக்கு 3 மெகாபிக்சல் சற்றே கூடினால் போதும். 16, 20 என்று இருப்பது தாராளம்.

நிலாவைப் படமெடுப்பதுதான் நோக்கம் என்றால் கதை வேறு. லென்ஸின் நீளத்தை 110ஆல் வகுத்தால் நிலாப் பிம்பத்தின் விட்டம் கிடைக்கும். 1365 மி.மீ.யில் அது சுமார் 12. சட்டத்தின் பாதி உயரம். 3000 மி.மீ.யில் 27, நிலா சட்டத்துக்குள் அடங்காமல் வெளியே வழியும். பேரப்பிள்ளைகளைக் கூட்டிவைத்து நிலாவின் பள்ளங்களைக் காட்ட விரும்பும் தாத்தாவுக்கு பி1000 அருமையான பரிசு. பறவைக்கு அது தேவையில்லை என்பது என் முடிவு. வெயில் ஏறிய பிறகு ஏரிக்கு மேல் சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் கலந்து அலையும். அந்த அலைச்சலில் ஒளி வளைந்து வளைந்து வரும். 200 மீட்டருக்கு அப்பால் இருக்கும் பறவையை எந்த லென்ஸால் இழுத்தாலும் நடுங்கும் பிம்பம்தான் கிடைக்கும். அதைத் திருத்தக் கடையில் எதுவும் விற்பதில்லை. காலையில் சீக்கிரம் போக வேண்டும்.

இனி, பலரும் கவனிக்காமல் விடுவது: வாங்கிக்கொள்கிறவரின் கையும் கண்ணும். 1365 மி.மீ.யில் கேமராவுக்குத் தெரியும் காட்சியின் அகலம் ஒன்றரை டிகிரி. கையை நீட்டி ஆள்காட்டி விரலை உயர்த்தினால் அது மறைக்கும் அளவு. கை இம்மியளவு அசைந்தாலும் பறவை படத்தை விட்டுப் போய்விடும். கை நடுக்கம் படத்தில் தெரியாமலிருக்க, லென்ஸ் எத்தனை மில்லிமீட்டரோ நொடியில் அத்தனையில் ஒரு பங்குக்குள் படம் பதிவாக வேண்டும் என்பது பழைய விதி. இன்றைய கேமராக்களில் உள்ளே ஒரு லென்ஸ் தொகுதி கை அசைவுக்கு எதிராக அசைந்து ஈடுகட்டுகிறது. எஸ்எக்ஸ்70இல் இது ஐந்து படி என்கிறார்கள்; 32 மடங்கு அவகாசம், அதாவது 1/40 நொடிவரை தாங்கும். ஆனால் இது நம் கையின் அசைவை மட்டும் சரிசெய்யும். சிறகடிக்கும் பறவைக்கு எப்படியும் 1/1000 நொடி வேண்டும்.

ஆகவே பரிசுக்கான கேமராவில் மூன்று விஷயங்களைக் கட்டாயம் பார்க்கச் சொன்னேன். ஒன்று, கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர். வெயிலில் பின்பக்கத் திரை கண்ணாடிபோல் பளபளக்கும், ஒன்றும் தெரியாது. வியூஃபைண்டரில் கண்ணை வைக்கும்போது நெற்றியும் கேமராவைத் தாங்கும், நடுக்கம் குறையும். அதன் ஓரத்தில் ஒரு சிறு சக்கரம் இருக்கும். அதைத் திருகி அவரவர் பார்வைக்கேற்பத் தெளிவாக்கலாம். மூக்குக்கண்ணாடி போட்ட அறுபது வயதுக்காரருக்கு அந்தச் சக்கரம் 20 எக்ஸுக்குச் சமம். இரண்டு, ஜூமைச் சட்டென்று பின்வாங்க வைக்கும் பொத்தான். பறவை தப்பிவிட்டால் அழுத்தினால் காட்சி விரியும், தேடிப் பிடித்துப் பொத்தானை விட்டால் மறுபடி நெருங்கும். கேனனிலும் நிக்கானிலும் இது உண்டு. மூன்றாவது எடை. கடையிலேயே ஐந்து நிமிடம் தூக்கிப் பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இந்த வகைக் கேமராக்கள் இப்போது அரிதாகி வருகின்றன. 2010இல் உலகமெங்கும் 12 கோடிக்கும் மேல் விற்பனைக்கு அனுப்பப்பட்ட டிஜிட்டல் கேமராக்கள் 2023இல் 77 லட்சமாகச் சுருங்கின. போன் தின்றது போக மிஞ்சியதில் பெரிய ஜூம் ஒரு சின்ன மூலை. புதிதாகக் கிடைக்காவிட்டால் கைமாறியது வாங்குவதில் தவறில்லை, ஆனால் கையில் வாங்கிச் சோதிக்க வேண்டும். லென்ஸை முழுதாக நீட்டிச் சுருக்கும்போது மோட்டார் தடங்கலில்லாமல் ஓடுகிறதா, கரகரக்கிறதா? வெள்ளைச் சுவரை முழு ஜூமில் ஒரு படம் எடுத்தால், உள்ளே தூசி நுழைந்திருந்தால் சாம்பல் பொட்டுகளாகக் காட்டிக்கொடுக்கும். இந்தக் கேமராக்களின் லென்ஸைக் கழற்றிச் சென்சாரைத் துடைக்க முடியாது. டார்ச் ஒளியை லென்ஸுக்குள் அடித்துப் பார்த்தால் பூஞ்சை சிலந்தி வலைபோல் தெரியும். சென்னை, கடலூர் போன்ற கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் இது சீக்கிரம் பிடிக்கும். வாங்கிய பிறகும் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைப்பது நல்லது. தோல் பையில் மூடி பீரோவுக்குள் வைப்பதுதான் மோசம்.

தங்கைக்குச் சொன்ன முடிவு இது: 1200இலிருந்து 1400 மி.மீ.க்குள் எட்டுவது, வியூஃபைண்டர் உள்ளது, 700 கிராமுக்குள். எஸ்எக்ஸ்70, எஃப்இசட்82 இரண்டில் எது நல்ல நிலையில் முதலில் கிடைக்கிறதோ அது. ஆனால் எஃப்இசட்82இன் பழைய பதிப்பில் வியூஃபைண்டர் சிறியது. 2024இல் வந்த திருத்திய பதிப்பில் மேம்படுத்தியிருக்கிறார்கள், ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். மிஞ்சும் பணத்தில் இன்னொரு பேட்டரியும் நல்ல கம்பெனி மெமரி கார்டும் ஒற்றைக்கால் ஸ்டாண்டும். கொடுப்பதற்கு முன் பேட்டரியைச் சார்ஜ் செய்து, தேதியும் நேரமும் வைத்து, டிஜிட்டல் ஜூமை மெனுவில் அணைத்துவிடச் சொன்னேன். விழா ஐப்பசியில்தான் என்றாலும் கேமராவை முன்கூட்டியே கொடுத்துவிடு என்றேன். சீசன் தொடங்குவதற்குள் மொட்டைமாடிக் காகத்தையும் மைனாவையும் வைத்து அவருக்குக் கை பழகிவிடும்.