வைத்திக்குப்பத்துக்குத் தெற்கே ரோமானிய ஒயின் வந்து இறங்கியது தெரியுமா?

கிறிஸ்துமஸ் தொடங்கிப் பொங்கல் வரைக்கும் விடுமுறைக் காலம். பிள்ளைகள் வீட்டில், உறவுக்காரர்கள் ஊரில். இந்தச் சமயத்தில் குடும்பம் குடும்பமாக நாசிக்குக்கும் பெங்களூரு அருகே நந்தி மலைக்கும் போய்த் திராட்சைத் தோட்டங்களையும் ஒயின் ஆலைகளையும் சுற்றிப் பார்ப்பது இப்போது பரவலாகிவிட்டது. போகட்டும், நல்ல விஷயம்தான். ஆனால் இந்தியாவின் மிகப் பழைய ஒயின் கதைகளில் ஒன்று, நம் புதுச்சேரி வைத்திக்குப்பத்திலிருந்து ஆட்டோவில் போய்விடக்கூடிய தொலைவில் மண்ணுக்குள் கிடக்கிறதே, அது தெரியுமா?

மாசி மகத்தன்று மயிலம் முருகனும் தீவனூர் விநாயகரும் தீர்த்தவாரிக்கு வந்து சேரும் வைத்திக்குப்பம் கரையில் நின்று தெற்கே பாருங்கள். கடற்கரைச் சாலை, அதைத் தாண்டித் துறைமுகம், அங்கே கடலில் கலக்கும் அரியாங்குப்பம் ஆறு. அந்த ஆற்றின் கரையில், புதுச்சேரி நகருக்குத் தெற்கே 4 கிலோமீட்டரில் இருக்கிறது அரிக்கமேடு. சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன் மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து ஒயின் ஜாடிகள் வந்து இறங்கிய இடம் அது!

ஜாடி என்றால் சாதாரண ஜாடி அல்ல. ஆம்போரா. இரண்டு பக்கமும் கைப்பிடி, ஒடுங்கிய கழுத்து, கீழே கூராக முடியும் அடிப்பகுதி. நிற்கவே நிற்காத ஜாடியை எதற்குச் செய்தார்கள்? கப்பலின் அடித்தளத்தில் ஒன்றன் இடுக்கில் ஒன்றாகச் செருகி அடுக்கத்தான்! கவிழ்த்து ஊற்றும்போது அந்தக் கூர்முனையே மூன்றாவது பிடி. உள்ளே ஒயின் கசியாமல் இருக்கப் பிசின் பூசினார்கள். அரிக்கமேட்டில் கிடைத்த உடைந்த ஓடுகளை ஆராய்ந்த எலிசபெத் வில், அவற்றில் கிரேக்கத் தீவான கோஸ் பாணி ஜாடிகளும் ரோட்ஸ் தீவின் ஜாடிகளும் இருப்பதை அடையாளம் கண்டார்.

கோஸ் தீவு ஒயினின் சேதி தெரியுமா? அதில் கடல்நீர் கலப்பார்கள்! ரோமானியர் கேட்டோ எழுதிவைத்த செய்முறையே இருக்கிறது: திராட்சை அறுவடைக்கு 70 நாள் முன்னதாக, காற்றில்லாத நாளில், ஆற்று நீர் எட்டாத ஆழ்கடலுக்குப் போய் நீர் எடுத்துவர வேண்டும். உப்புச் சேர்த்த ஒயின் நெடும்பயணத்தில் கெடாமல் தாங்கும் என்பது அவர்கள் அனுபவம்.

எல்லா ஜாடியிலும் ஒயின்தான் வந்தது என்று நினைத்துவிடாதீர்கள். சிலவற்றில் ஆலிவ் எண்ணெய். சிலவற்றில் 'காரும்'. அது என்ன? மீனை உப்புப் போட்டு வெயிலில் வைத்து நொதிக்கவிட்டு வடித்தெடுத்த சாறு. ரோமானியச் சமையலில் அது இல்லாமல் எதுவும் இறங்காது. கருவாட்டின் அருமை தெரிந்த வைத்திக்குப்பத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்!

சரி, இந்த இடத்தைக் கண்டுபிடித்த கதை அதைவிடப் பரபரப்பு. 1930களிலேயே புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ரேய் அரிக்கமேட்டுப் பொருள்களின் மதிப்பை உணர்ந்திருந்தார். அகஸ்டஸ் சீசரின் தலை செதுக்கிய கல்லைப் பற்றிச் சொன்னவர் அவர். பிறகு 1944. இந்தியத் தொல்லியல் துறைக்குத் தலைவராக வந்த மார்டிமர் வீலர் சென்னை அருங்காட்சியகத்துக்குப் போகிறார். ஒரு அலமாரியைத் திறந்து கைவிட்டுத் துழாவுகிறார். கையில் அகப்பட்டது ஆம்போராவின் கழுத்து! எங்கிருந்து வந்தது என்று கேட்டால், புதுச்சேரிப் பக்கம் என்கிறார்கள். நேரே இங்கே வந்தார். இங்கிருந்த நூலகத்தின் கண்ணாடிப் பெட்டிகளில் அதே வகை ஓடுகள் இருப்பதைக் கண்டார். மறு ஆண்டே, 1945இல், அரிக்கமேட்டில் அகழாய்வு தொடங்கிவிட்டது. பிறகு 1947 முதல் 1950 வரை பிரெஞ்சு அறிஞர் கசால் தோண்டினார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தலைமையிலான குழு, சென்னைப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து மறுபடி தோண்டியது.

அந்த ஒயினைத் தமிழர்கள் குடித்தார்களா? புறநானூற்றின் 56ஆம் பாடலைத் திறந்து பாருங்கள். பாண்டியன் நன்மாறனைப் பாடும் நக்கீரர், யவனர், அதாவது கிரேக்க, ரோமானிய வணிகர், கொண்டுவந்த மணமுள்ள தேறலை வளையணிந்த பெண்கள் நாள்தோறும் பொற்கலத்தில் ஏந்தித் தர, அவன் மகிழ்ந்து வாழட்டும் என்று வாழ்த்துகிறார். பாட்டில் இருப்பது பாண்டிய நாட்டு அரசவை. ஓடு கிடைத்தது நம் ஆற்றங்கரையில். ஏட்டையும் மண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்குச் சிலிர்க்கிறது. உங்களுக்கும் சிலிர்க்கும்.

இன்னொன்று, விடுமுறைக்காலத்துக்கே பொருத்தமானது. அந்தக் கப்பல்கள் வந்தது தென்மேற்குப் பருவக்காற்றில். எகிப்திலிருந்து கோடையில் கிளம்பி, செங்கடலின் வாயிலிருந்து 40 நாளில் கேரளக் கரையின் முசிறியைத் தொட்டுவிடலாம் என்று எழுதினார் ரோமானிய எழுத்தாளர் பிளினி. திரும்பிப் போனது எப்போது? காற்று திசை மாறிய பிறகு, டிசம்பரில்! நாம் கேக் வெட்டிக்கொண்டு கடற்கரைச் சாலையில் நடக்கும் அதே பருவத்தில்தான் யவனர் மிளகையும் துணியையும் மணியையும் ஏற்றிக்கொண்டு ஊர் திரும்பினார்கள்.

அந்தக் காலத்து ஒயின் இன்று எப்படி இருக்கும் என்று கேட்கிறீர்களா? அதற்கும் பதில் இருக்கிறது! ஸ்பெயினின் கார்மோனா நகரில் 2019இல் ஒரு ரோமானியக் கல்லறை அகப்பட்டது. அதில் ஒரு கண்ணாடிக் கலசம். கலசத்துக்குள் எரியூட்டப்பட்ட ஒருவரின் எலும்புகள், அவற்றோடு சுமார் 5 லிட்டர் செந்நிறத் திரவம். கோர்டோபா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பரிசோதித்து 2024இல் அறிவித்தார்கள்: அது ஒயின், அதுவும் வெள்ளை ஒயின், 2000 ஆண்டாக வற்றாமல் இருந்திருக்கிறது. அரிக்கமேட்டில் வணிகம் நடந்த அதே காலத்து ஒயின்!

இனி ஊருக்குள் வருவோம். வைத்திக்குப்பம், குருசுக்குப்பம் தாண்டிக் கடற்கரைச் சாலையின் வடக்கு முனையை அடைந்தால், அந்த இடத்துக்கு ஊரார் இன்னும் சொல்லும் அடையாளம் 'பழைய சாராய ஆலை'. ஆலை வில்லியனூர் பக்கம் ஆரியபாளையத்துக்குப் போய்விட்டது, பெயர் போகவில்லை. 1937இல் சேலத்தில் ராஜாஜி மதுவிலக்கைத் தொடங்கி, 1948க்குள் சென்னை மாகாணம் முழுக்க அது பரவியபோதும், பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்கு அந்தச் சட்டம் செல்லவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் தடை, இந்தப் பக்கம் கடை. புதுச்சேரி என்றாலே சாராயம் என்று ஒரு பெயர் ஒட்டிக்கொண்டதற்கு இது முக்கியமான காரணம். அந்தச் சாராயத்தால் எத்தனை குடும்பங்கள் அழிந்தன என்பதைக் குப்பங்களில் வாழ்ந்தவர்கள் அறிவார்கள். அதனால்தான் நான் அழுத்திச் சொல்கிறேன்: இந்த விடுமுறைச் சுற்று குடிப்பதற்கல்ல, தெரிந்துகொள்வதற்கு. பிள்ளைகளை அழைத்துப் போகக்கூடிய சுற்று.

அங்கிருந்து தெற்கே நடந்தால் 1855இல் கட்டிய கப்ஸ் கோயில். தமிழ், பிரெஞ்சு, ஆங்கிலம் மூன்றிலும் வழிபாடு நடக்கும் ஆலயம். இதன் வழவழப்பான சுவர்ப்பூச்சில் சுண்ணாம்போடு முட்டையின் வெள்ளைக்கரு கலந்தார்கள் என்பார்கள். பிரான்ஸின் போர்தோ பகுதியில் அதே வெள்ளைக்கருவைச் சிவப்பு ஒயினுக்குள் விடுவார்கள், தெரியுமா? கலங்கலையும் துவர்ப்பையும் பிடித்துக்கொண்டு அது அடியில் படிய, ஒயின் தெளிந்துவிடும்! பூசையில் வைக்கும் திராட்சை இரசத்துக்கும் கட்டுப்பாடு உண்டு. அது திராட்சைப் பழத்தின் இயற்கையான இரசமாக, கெடாததாக இருக்க வேண்டும் என்கிறது கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம்.

திராட்சை என்றதும் நம் கம்பம் பள்ளத்தாக்கைச் சொல்லாமல் எப்படி? தேனி மாவட்டத்தில் சுருளிப்பட்டி, கூடலூர், ராயப்பன்பட்டி என்று போனால், தலைக்கு மேல் பந்தல் பந்தலாகக் கருநீலக் கொத்துகள். பன்னீர் திராட்சை! 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் இதைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. இந்த வகையின் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். இது எந்த இரண்டு வகைகளின் கலப்பு என்று மரபணு ஆய்வு சொல்லிவிட்டது. ஒன்று ஐரோப்பியக் கறுப்புத் திராட்சை, ஸ்கியாவா குரோஸா. இன்னொன்று மஸ்கட் ஆஃப் அலெக்ஸாண்ட்ரியா! அரிக்கமேட்டுக்குச் சரக்கு அனுப்பிய வணிகத்தின் தலைவாசல் எந்த ஊர்? எகிப்தின் அலெக்ஸாண்ட்ரியா. அந்த ஊர்ப் பெயரைத் தாங்கிய கொடியின் பிள்ளைதான் நம் தள்ளுவண்டியில் கிலோக் கணக்கில் விற்கும் பன்னீர் திராட்சை.

பிரான்ஸில் திராட்சைக்கொடி பனிக்காலத்தில் உறங்கும்; செப்டம்பர் வாக்கில் ஆண்டுக்கு ஒரே அறுவடை. நம் வெயிலில் கொடிக்கு உறக்கமே வராது! அதை வழிக்குக் கொண்டுவருவது கவாத்துக் கத்தி. நாசிக்கில் ஏப்ரல் வாக்கில் ஒரு கவாத்து, செப்டம்பர், அக்டோபரில் இன்னொரு கவாத்து. ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் பழம் வெட்டிவிடுவார்கள். கம்பத்திலோ தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்துத் தேதியை மாற்றி மாற்றி ஆண்டு முழுக்கப் பழம் எடுக்கிறார்கள். உலகத்தில் மிகச் சில இடங்களில்தான் இது நடக்கும்.

நாசிக்கில் ராஜீவ் சாமந்த் 1999இல் சூலா ஒயினைத் தொடங்கியபோது, திராட்சை என்றால் தின்பதற்கு என்றுதான் அந்த ஊரே நினைத்திருந்தது. இன்று குடும்பத்தோடு போகிறவர்கள் அறுவடைக் காலத்தில் தொட்டிக்குள் இறங்கித் திராட்சையை மிதித்துப் பார்க்கிறார்கள். பிள்ளைகளுக்கு ஒன்று காட்டுங்கள்: கறுப்புத் திராட்சையை நசுக்கினால் வரும் சாறு கறுப்பல்ல, கிட்டத்தட்ட நிறமற்றது. சிவப்பு ஒயினுக்கு நிறம் தருவது தோல்! தோலை உடனே நீக்கிவிட்டால் கறுப்புப் பழத்திலிருந்தே வெள்ளை ஒயின் வரும். வீட்டில் பன்னீர் திராட்சை ஒன்றை உரித்துப் பார்த்தாலே விளங்கிவிடும்.

ஒயின் கதை நம் அடுப்படியிலும் உண்டு. பால் பாக்கெட்டில் 'பாஸ்சுரைஸ்டு' என்று போட்டிருக்கிறதே, அது பாலுக்காகக் கண்டுபிடித்ததில்லை, தெரியுமா? 1860களில் பிரெஞ்சு ஒயின் கெட்டுப்போய் வணிகம் ஆட்டம் கண்டபோது, மூன்றாம் நெப்போலியன் லூயி பாஸ்டரிடம் வழி கேட்டார். மிதமாகச் சூடாக்கினால் கெடுக்கும் நுண்ணுயிர் சாகும் என்று ஒயினில்தான் காட்டினார் பாஸ்டர். பாலுக்குப் போனது பிறகு!

கடைசியாக, வைத்திக்குப்பத்தோடு நேரடியாக முடிச்சுப் போடும் ஒன்று. யவனரின் சரக்கு வந்து சேர்ந்த அதே அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில்தான் 1980களின் இறுதியில் புதுத் துறைமுகத்துக்காக அலைத்தடுப்புச் சுவர்கள் எழுந்தன. தெற்கிலிருந்து வடக்கே ஓயாமல் நகரும் மணலை அவை மறித்தன. வடக்கே இருந்த கடற்கரை அரித்துப் போனது. கருங்கல் கொட்ட வேண்டிவந்தது. படகை இழுத்துப்போட மணலில்லாமல் மீனவர்கள் பட்ட பாட்டை இந்தக் குப்பங்கள் மறக்கவில்லை. பழைய துறைமுகம் ஆற்றோடு ஒத்துப்போய் நடந்தது. புதியது கரையைக் கேட்காமல் கட்டியது. இதில் எனக்கு இரண்டு கருத்து கிடையாது.

விடுமுறையில் போவதானால் பாரதி பூங்கா அருகிலுள்ள புதுச்சேரி அருங்காட்சியகத்தில் தொடங்குங்கள். அரிக்கமேட்டுப் பொருள்கள் அங்கே இருக்கின்றன, திங்கட்கிழமை விடுமுறை. அதைப் பார்த்த பிறகு அரிக்கமேட்டுக்குப் போனால்தான் அங்கே நிற்பதன் அர்த்தம் பிள்ளைகளுக்குப் புரியும். மழைக்குப் பிறகு அங்கே மண்ணில் உடைந்த ஓடுகளும் மணிகளும் தலைகாட்டும். கண்ணால் பாருங்கள், படம் எடுங்கள், ஆனால் ஒரு துண்டைக்கூட எடுத்து வராதீர்கள். அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். கிடந்த இடத்தில் கிடந்தால்தான் அடுத்து தோண்ட வருகிறவருக்கு அந்த ஓடு எதையாவது சொல்லும்.