நித்தியகல்யாணிக்கு நிழல்வலை வேண்டாம்!

"வெயிலில் நித்தியகல்யாணி துவள்கிறது. நிழல்வலை கட்டலாமா?" காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து விவசாயிகள் கோடையில் கேட்கும் கேள்வி இது. அந்தச் செலவே வேண்டாம் என்பது என் பதில்.

சித்திரை பிறக்கும்போது உச்சிவேளையில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே நிற்கிறது. கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரும் அப்போது அதிகமாக இறங்கும். ஆடு, மாடு நிழலுக்கு ஒதுங்கும், செடியால் முடியுமா? இருந்த இடத்திலேயே காப்பு தேடிக்கொள்கிறது. இந்தக் கதிரை உணர்வதற்கென்றே செடிக்குள் ஒரு புரதம் இருப்பதை 2011-ல் விஞ்ஞானிகள் உறுதிசெய்தார்கள். அது விழித்துக்கொண்டதும், இலையின் மேல்தோலில் ஃபிளேவனாய்டு என்ற பொருள்கள் சேர்ந்து கதிரை வடிகட்டுகின்றன. திருநீற்றுப்பச்சிலையை இந்தக் கதிர் படாத கண்ணாடிக் கூடத்தில் வளர்த்தால், இலையின் எண்ணெய்ப் பைகள் சரியாக நிரம்புவதில்லை என்பதும் ஆய்வில் தெரிந்திருக்கிறது.

நித்தியகல்யாணி இலையில் வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்துகள் இருக்கின்றன. கேதரான்தின், விண்டோலின் என்ற இரண்டு பொருள்கள் இணைந்தால்தான் வின்பிளாஸ்டின் கிடைக்கும். முதலாவது இலையின் மேல் மெழுகில் இருக்கிறது, மற்றது இலைக்குள்ளே. இரண்டும் எளிதில் சேர்வதில்லை. அதனால்தான் ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்குச் சுமார் 500 கிலோ காய்ந்த இலை தேவைப்படுகிறது. புற ஊதாக் கதிர் பட்டால் இந்த இணைப்பு கூடுவதைத் திசு வளர்ப்புத் தளிர்களில் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டார்கள்.

இதைப் படித்துவிட்டுப் புற ஊதா விளக்கு வாங்கிவிடாதீர்கள். கதிர் மிஞ்சினால் இலை சிறுத்துப்போகும். மருந்துச் சத்து கூடினாலும் வியாபாரி பெரும்பாலும் எடைக்குத்தான் காசு தருகிறார். நம் செம்மண் காட்டில் விழும் வெயிலே தாராளம்.

மதியம் துவண்ட செடி மாலையில் நிமிர்ந்தால் கவலையில்லை. காலையிலும் துவண்டிருந்தால் தண்ணீர் விடுங்கள். மண்ணில் ஈரமிருந்தும் வாடினால் ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பாருங்கள், அழுகலாக இருக்கலாம்.

விதைத்த 6, 9-ம் மாதங்களில் இலை பறிக்கலாம். 12-ம் மாதம் இலையோடு வேரையும் எடுத்துவிடலாம். பறித்தபிறகு கணக்கு தலைகீழ். உயிருள்ள இலை வெயிலைக் கண்டு சத்தைச் சேர்க்கும். பறித்த இலையில் இருக்கும் சத்தையும் வெயில் சிதைக்கும். நம் பக்கம் எதையும் தார்ச்சாலையில் பரப்பிவிடும் பழக்கம் இருக்கிறதே, அது இதற்கு ஆகாது. காற்றாடும் கொட்டகையில் மெல்லிசாகப் பரப்பி, தினமும் கிளறிவிட்டு நிழலில் காயவையுங்கள். சர்க்கரைக்கு நல்லது என்று யாராவது சொன்னால், அதிலிருந்து ஒரு பிடி எடுத்துக் கஷாயம் மட்டும் போட்டுவிடாதீர்கள். ரத்த அணுக்களையே குறைக்கக்கூடிய நஞ்சு அது.