கோட்டைதான், ஆனால் உள்ளே நீரூற்று! தெரியுமா?

இத்தாலியில் பழைய கோட்டைகள் பல இன்று வைன் வடிக்கும் பண்ணை மாளிகைகள். டஸ்கனியின் ப்ரோலியோ கோட்டை 1141 முதல் ரிக்காசோலி குடும்பத்தின் கையில்! கியாந்தி வைனுக்குச் சேர்மானம் வகுத்துத் தந்த பெட்டினோ ரிக்காசோலி அந்நாட்டின் இரண்டாவது பிரதமரும்கூட.

சரி, இலங்கையின் மாத்தளை மாவட்டத்தில், ப்ரோலியோவைவிட அறுநூறு வருஷத்துக்கு மேல் மூத்த கோட்டை மாளிகை ஒன்று நிற்கிறதே, தெரியுமா? சிகிரியாதான்!

கட்டியவன் மன்னன் காசியப்பன் (ஆட்சி 477–495). தந்தை தாதுசேனனைக் கொன்று அரியணை ஏறியவன். தம்பி முகலன் இந்தியாவுக்குத் தப்பி ஓட, அவன் படையோடு திரும்புவான் என்ற பயத்திலேயே இந்தச் சிகிரியாப் பாறைமேல் ஏறினானாம். வெளியே அகழி, மதில். உள்ளே? குளங்களும் பூங்காவும்! பயந்தவன் கட்டிய இடமா இது என்று எனக்கு இன்றும் சந்தேகம்தான்.

அந்த நீரூற்றுகளைக் கிட்டப் போய்ப் பாருங்கள். ஒரு சுண்ணாம்புக்கல் பலகை, அதில் வட்டமாகச் சில துளைகள், அவ்வளவே. உயரத்துக் குளத்து நீர் நிலத்தடிக் கால்வாய் வழியே இறங்கி வரும் அழுத்தத்திலேயே பீறிடும். மோட்டார் கிடையாது, மின்சாரம் கிடையாது. ஆயிரத்து ஐநூறு வருஷம் கழித்தும் நல்ல மழைக்காலத்தில் தண்ணீர் துள்ளுகிறது!

இன்னொரு வேடிக்கை. முகலன் வந்தபோது காசியப்பன் கோட்டைக்குள் இருந்து சண்டை போடவில்லை. சமவெளிக்கு இறங்கிப் போய்த் தோற்று, தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொண்டான் என்கிறது சூளவம்சம். வென்றவன் தலைநகரை அனுராதபுரத்துக்கே கொண்டுபோய், பாறையைப் பிக்குகளிடம் கொடுத்துவிட்டான். இத்தாலியில் வைன் வந்த இடத்தில் இங்கே விகாரை வந்தது!

அப்புறம் பார்க்க வந்தவர்கள் பளபளத்த கண்ணாடிச் சுவரில் கவிதை கிறுக்கினார்கள், பெண்களும்தான். தொல்லியலாளர் பரணவிதான 685 பாடல்களைப் படித்தெடுத்து 1956இல் நூலாக்கினார். பாறையில் தீட்டிய ஓவியப் பெண்களுக்குக் காதல் கவிதை எழுதிய மகான்களும் அதில் உண்டு! 1967இலோ யாரோ அந்த ஓவியங்கள்மேலேயே பெயின்ட் பூசிவிட்டார்கள். துடைத்து மீட்க இத்தாலியிலிருந்துதான் நிபுணர் வந்தார். 1982இல் சிகிரியா யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிலும் ஏறிவிட்டது.

போகிறவர்கள் கவிதையை மனசுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். 2015இல் அந்தச் சுவரில் பெயர் கீறிய ஓர் இளம்பெண்ணுக்கு இரண்டு வருஷச் சிறை விதித்தார்கள். ஜனாதிபதி மன்னித்த பிறகுதான் வெளியே வந்தார்.