பட்டும் ஓடுதளமும்: அரக்கோணம் அன்றும் இன்றும்

1942 ஏப்ரல் 5 கொழும்பு. மறுநாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும். ஏப்ரல் 9 திருகோணமலை. ஜப்பானிய விமானங்கள் அடுத்தடுத்துக் குண்டு போட்டதில் சென்னை கலங்கிப்போனது. அவசிய வேலை இல்லாதவர்கள் ஊரைவிட்டுப் போகலாம் என்று அரசே சொன்னது. மூட்டை கட்டிய குடும்பங்கள் உள்நாட்டுப் பக்கம் ரயில் ஏறின. அந்த ஆண்டுகளில்தான், பட்டு நெசவு ஊரான ஆரணிக்கு வடகிழக்கே அறுபது கிலோமீட்டர் தாண்டி, அரக்கோணத்தில் போருக்கென்று ஒரு விமானத்தளம் போட்டார்கள்.

ஏன் அரக்கோணம்? கப்பல் பீரங்கிக்கு எட்டாத தூரத்தில் கடல். 1856-லேயே ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ஓடிய முதல் ரயில் பாதை இந்த ஊர் வழியாகத்தான் போனது. பெட்ரோலும் குண்டும் வேகன் வேகனாக வந்து இறங்க ஜங்ஷன் தயாராக இருந்தது. எனக்குத் தெரிந்து இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை.

அன்று இந்திய விமானிகள் பறக்கப் படித்த இடங்கள் வேறு. பேகம்பேட்டையிலும் ஜோத்பூரிலும் டைகர் மாத் விமானத்தில் அரிச்சுவடி. பிறகு அம்பாலாவில் மேல்பயிற்சி. அரக்கோணம் போன்ற தென்னகத் தளங்கள், படித்து முடித்தவர்கள் பர்மாப் போருக்கும் வங்கக் கடலுக்கும் தயாராக நின்ற இடங்கள்.

அந்த விமானிகள் கட்டிக்கொண்ட பாராசூட் பட்டு. ஆரணிக்கு இந்தக் கதையில் பங்கு வருவது இங்கேதான். பட்டு லேசு, உறுதி, மடித்தால் கைக்குள் அடங்கும், காற்றுப் பட்டதும் சட்டென்று விரியும். ஆனால் எல்லாப் பட்டு நூலும் அதற்கு ஆகாது. கைராட்டையில் இழுத்த நூலை விரலிடையே ஓடவிட்டால் தடிப்பும் மெலிவும் தட்டுப்படும். சேலைக்கு அது குறையல்ல, உயிர் தொங்கும் குடைக்குக் குறை. எனவே மைசூரிலும் காஷ்மீரிலும் ஆலைகள் இழுத்த சீரான நூலை ராணுவம் கேட்டு வாங்கிக்கொண்டது. ஜப்பான், சீனப் பட்டு வரத்தும் போரால் நின்றுபோயிருந்தது. மிஞ்சிய ராட்டை நூலுக்குத்தான் ஆரணி உட்படத் தென்னாட்டுத் தறிகள் எல்லாம் போட்டி போட வேண்டியிருந்தது. பாராசூட் பஞ்சம் எந்த அளவுக்கென்றால், பர்மா முனையில் தளபதி ஸ்லிம், சரக்கு இறக்க சணலிலேயே பாராசூட் தைக்கச் சொல்லி, கல்கத்தா ஆலைகளிடம் போனார். சணலுக்கு ஆங்கிலத்தில் ஜூட் என்பதால் அதற்குப் ‘பாராஜூட்’ என்றே பெயர் வைத்தார்கள். மனிதன் குதிக்க அது உதவாது. அரிசி மூட்டை குதிக்க உதவியது.

போர் முடிந்ததும் தமிழ்நாடு முழுக்க இப்படிப் போட்ட ஓடுதளங்கள் பல அநாதையாயின. சோழவரத்தில் கார் ரேஸ் விட்டார்கள். உளுந்தூர்ப்பேட்டை, செட்டிநாடு, கயத்தாறு ஓடுதளங்கள் கைவிடப்பட்டுக் கிடந்தன. தாம்பரத்துக்கும் சூலூருக்கும் விமானப்படையில் மறுவாழ்வு. பறக்கச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கே பள்ளி 1954 முதல் தாம்பரத்தில் இருக்கிறது. அரக்கோணம் நெடுங்காலம் காத்துக் கிடந்தது.

1992 மார்ச் 11 அன்று குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன் அதைக் கடற்படையின் ‘ஐ.என்.எஸ். ராஜாளி’யாகத் தொடங்கிவைத்தார். இன்று அதன் ஓடுதளம் நான்கு கிலோமீட்டருக்கு மேல். முதலில் வந்தவை ரஷ்யாவின் டியூ-142 விமானங்கள்: நான்கு எஞ்சின், ஒவ்வொன்றிலும் எதிரெதிர்த் திசையில் சுற்றும் இரண்டு விசிறி. அந்த இரைச்சல் 2017 மார்ச்சோடு ஓய்ந்தது. 2013 முதல் போயிங் பி-8ஐ விமானங்கள் இங்கிருந்து கிளம்பிக் கடலுக்கடியில் நீர்மூழ்கிகளைத் தேடுகின்றன. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் மூழ்கியபோது, பயணிகள் விமானங்கள் இந்தத் தளத்தில் இறங்கி ஏறியது பலருக்கு நினைவிருக்கும்.

அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள பெரிய வித்தியாசமாக நான் சொல்வது வேறு. பயிற்சி முடித்தவர்கள் வந்து நின்ற இடத்தில் இப்போது பயிற்சியே நடக்கிறது. கடற்படையின் ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளி கொச்சியிலிருந்து இங்கே வந்துவிட்டது. சேத்தக் ஹெலிகாப்டரில் இடது கை ஏற்ற இறக்கத்தைப் பார்க்கும், வலது கை திசையைப் பார்க்கும், இரண்டு காலும் மிதிகளில் வாலைப் பார்க்கும். தறிக்குழியில் உட்கார்ந்து நாடா வீசியபடி மிதிக்கும் ஆரணி நெசவாளிக்குக் கையும் காலும் சேர்ந்து செய்யும் இந்த வேலை புதிதல்ல. 2024 ஜூன் 7 அன்று பயிற்சி முடித்த அணியில் சப் லெப்டினன்ட் அனாமிகா பி. ராஜீவ் இருந்தார், கடற்படையின் முதல் பெண் ஹெலிகாப்டர் விமானி அவர்.

ராஜாளி பற்றிய செய்தி நாளிதழில் வந்துவிடுகிறது. போர்க்கால அரக்கோணத்தையும் நூல் கிடைக்காத போர்க்காலத் தறிகளையும் பற்றி எழுதத்தான் ஆளில்லை. ஆரணியிலோ அரக்கோணத்திலோ உங்கள் வீட்டுப் பரணில் 1940-களின் நூல் கணக்கு நோட்டு, ரேஷன் அட்டை, நிலம் எடுத்த நோட்டீஸ் ஏதாவது இருந்தால், தயவுசெய்து பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஒரு நல்ல நூலகத்திடமோ கல்லூரி வரலாற்றுத் துறையிடமோ கொடுங்கள்.